தாய்மாமன் சீரைக் கெணத்துல தொங்கவிட்டேன்

திங்கக்கெழமை காலைல எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மூணு கூடைக் காயை ஞாயித்துக்கெழமை வரைக்கும் கெட்டுப் போகாமப் பாத்துக்கணும்.

சமைக்க வேண்டாம், சுமக்க வேண்டாம், சும்மா பாத்துக்கிட்டாப் போதும். இதுல என்ன தப்பு நடந்துரும்னு நீங்க நெனைக்கலாம். நானும் அப்படித்தான் நெனைச்சேன்.

காய் வந்த வெவரத்தைச் சொல்லிடுறேன். என் மகளுக்கு ரெண்டு வயசு. ஞாயித்துக்கெழமை காதுகுத்து வச்சிருந்தோம். தாய்மாமன் மடியில உக்கார வச்சுக் குத்தணும், விருந்துக் காயும் தாய்மாமன் வீட்டுல இருந்துதான் வரணும். அந்தத் தாய்மாமன், அதாவது என் பொண்டாட்டி ராக்கம்மாவோட அண்ணன் ஒச்சப்பன், செக்கானூரணி தாண்டி ஒரு கிராமத்துல தோட்டம் வச்சிருந்தாரு. ஞாயித்துக்கெழமை சீரோட வரவேண்டிய மனுசன், வேற சோலியா வண்டி மதுரைக்கு வருதேன்னு காயை மட்டும் ஆறு நாளைக்கு முன்னாலயே எறக்கிட்டாரு.

கத்திரிக்கா ஒரு கூடை. வெண்டைக்காயும் கொத்தவரங்காயும் ஒரு கூடை. மூணாவதுல புடலையும் பாகலும். அதுபோக நாலு பூசணிக்கா.

அதே வண்டில ராக்கம்மாவும் மகளைத் தூக்கிக்கிட்டு ஊருக்குக் கெளம்பிட்டா. சொந்தக்காரங்களை அழைச்சுட்டு சனிக்கெழமை வாரேன்னா. போறப்ப எனக்குப் பாடம் நடத்துனா. கத்திரிக்காயை உள் ரூம்புல தரையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் பரப்பணும். வெண்டைக்காய் மேல ஈரச் சாக்கை மூடணும், சாக்குல தண்ணி சொட்டக் கூடாது. எதையும் கழுவிரக் கூடாது. அழுகுனது ஒண்ணு கண்ணுல பட்டா அப்பவே எடுத்து வெளிய போட்டுரணும்.

வண்டில ஏறி உக்காந்துக்கிட்டு கடைசியா ஒண்ணு சொன்னா.

"இம்புட்டுப் பண்ணாப் போதுங்க. நீங்களா புதுசா ஒண்ணும் பண்ணாதீக."

நான் ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார். தண்ணி ஆவியாகுறதைப் பத்தி வருசா வருசம் நாலு வகுப்புக்குப் பாடம் நடத்துறவன். எனக்கு ஈரச் சாக்கு சொல்லித் தாராளேன்னு மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன்.

அன்னைக்கு அவ சொன்னபடியேதான் செஞ்சேன். செவ்வாக்கெழமை காலைல பாத்தா கத்திரிக்காக் காம்பு லேசாச் சோர்ந்த மாதிரி இருந்துச்சு. உண்மையிலேயே சோர்ந்துச்சா, எனக்குச் சோரணும்னு இருந்துச்சான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அது சித்திரை வெயில். காயைக் கெடுக்கிறது சூடு. அப்ப வளவுலயே குளிர்ச்சியான எடம் எதுன்னு யோசிச்சேன்.

கெணறு.

நாங்க அப்பக் கோரிப்பாளையத்துல ஒரு வளவுல குடியிருந்தோம். அஞ்சு வீடு, நடுவுல ஒரு கெணறு. வாசலை ஒட்டுன பெரிய வீட்டுல வீட்டுக்காரம்மா இருந்தாக. வளவுக்கே அவுக வச்சதுதான் சட்டம். கெணத்து மேடைல செருப்புக் காலோட ஏறக் கூடாது, சோப்புப் போடக் கூடாது, வாளியைத் தரையில வைக்கக் கூடாது.

கெணத்துல காயைத் தொங்கவிடக் கூடாதுன்னு மட்டும் சட்டத்துல இல்ல.

பள்ளிக்கூட லேபுல இருந்து லீவுக்கு முன்னால ஒரு தெர்மாமீட்டர் எடுத்துட்டு வந்திருந்தேன். ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்லல. சொல்லாம எடுத்தா அதுக்கு வேற பேரு இருக்கு, தெரியும். சயன்ஸுக்காகன்னு சமாதானம் பண்ணிக்கிட்டேன். அதை நூல்ல கட்டிக் கெணத்துக்குள்ள விட்டுப் பாத்தேன். எங்க உள் ரூம்புக்கும் கெணத்துக்கும் பதினஞ்சு டிகிரி வித்தியாசம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.

மத்தியானம் வீட்டுக்காரம்மா கண்ணசந்த நேரம் பாத்து வேலையை முடிச்சேன். கெணத்து வாய்க்குக் குறுக்க ஒரு மூங்கிலைப் போட்டேன். அதுல கயித்தைக் கட்டிக் கூடைகளைத் தண்ணிக்கு ஒரு முழம் மேல நிக்கிற மாதிரி எறக்குனேன். பூசணிக்கா மூலைல சும்மா கெடந்தாலே ஆறு மாசம் கெடக்கும். அதையும் ஒரு சாக்குல கட்டித் தொங்கவிட்டேன். சயன்ஸ் எல்லாருக்கும் பொதுவில்லையா.

புதன்கெழமை காலைல கூடையை இழுத்துப் பாத்தேன். கத்திரிக்கா அப்பத்தான் செடியில இருந்து பறிச்ச மாதிரி பளபளன்னு இருந்துச்சு.

பொய் சொல்லல. நெஜமாவே நல்லா இருந்துச்சு. அதுதான் வினையாப் போச்சு. முதல் நாளே அழுகியிருந்தா எல்லாம் அதோட முடிஞ்சிருக்கும்.

எனக்குச் சந்தோசம் தாங்கல. பக்கத்து வீட்டு காதர் பாயைக் கூப்பிட்டுக் காட்டுனேன். தையக்கடை வச்சிருக்க மனுசன். அவரு ஒரு கத்திரிக்காயைக் கையில வாங்கி உருட்டிப் பாத்துட்டு, மாஷா அல்லாஹ்ன்னாரு. அரை மணி நேரத்துல வீட்டுல இருந்த ஒரு கூடை மாம்பழத்தைத் தூக்கிட்டு வந்து, என் கூடை பக்கத்துல ஒரு எடம் குடுங்கன்னாரு.

அடுத்த வீட்டு அம்மா கோயிலுக்கு வாங்குன மல்லியப்பூவை ஒரு பொட்டலமாக் கட்டி எடுத்துட்டு வந்துச்சு. கடைசி வீட்டுக்காரர் ரெண்டு கூடை தக்காளி கொண்டாந்தாரு. பொழுது சாயுறதுக்குள்ள அந்த மூங்கில்ல எட்டுக் கயிறு தொங்குச்சு.

வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. கெணத்து மேடைல நின்னு, இது கெணறா, காய்க் கடையான்னு வளவு அதிரக் கேட்டாக. நான் குளிர்ச்சி, வெப்பம், காத்துல ஈரம்னு அவுகளுக்கு ஒரு பாடம் நடத்துனேன். கேட்டுக்கிட்டே இருந்தாக. அப்படியே உள்ள போனாக. கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய வந்து, குரலைத் தணிச்சு, வெத்தலை வாடாம இருக்குமான்னு கேட்டாக.

ஒம்பதாவது கயிறு அவுக வெத்தலைக்கட்டு.

அன்னைக்கு நான் தூங்குனது ஒரு விஞ்ஞானி தூங்குற தூக்கம்.

வியாழக்கெழமை காலைல செருப்பை மேடைக்குக் கீழ கழட்டிப் போட்டுட்டு, தோள்ல கெடந்த துண்டை எடுத்துக் கைப்பிடிச் சுவர்ல வச்சுட்டு, குனிஞ்சு தெர்மாமீட்டரைப் பாத்து நோட்டுல குறிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நேரம் பள்ளிக்கூடத்துப் பியூன் சைக்கிள்ல வேர்க்க விறுவிறுக்க வந்து நின்னாரு. லேபுச் சாமானையெல்லாம் ஹெட்மாஸ்டர் சரிபாத்துக்கிட்டு இருக்காரு, இன்னும் கால் மணி நேரத்துல நீங்க தெர்மாமீட்டர் எடுத்த அலமாரிக்கு வந்துருவாருன்னாரு. நான் எடுத்தது அவரு ஒருத்தருக்குத்தான் தெரியும்.

நான் தெர்மாமீட்டரை உருவி மடியில சொருகிக்கிட்டு சைக்கிள் பின்னால தாவி உக்காந்தேன். செருப்பும் துண்டும் எனக்கு நெனப்பே இல்ல.

நாங்க வைகைப் பாலத்தைத் தாண்டியிருப்போம். இங்க வளவுல வீட்டுக்காரம்மா தண்ணி எறைக்க வந்திருக்காக. வாளியை உள்ள விட்டா அது ஒம்பது கயித்துக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. கனமா இருக்கவும் நெறைய தண்ணி மொண்டுருச்சுன்னு நெனைச்சு பலங்கொண்ட மட்டும் இழுத்திருக்காக. கெணத்து வாயில கெடந்த மூங்கில் ஒரு பக்கம் சறுக்கி, கூடை, மூட்டை, மாம்பழம், மல்லி, வெத்தலை எல்லாத்தோடயும் உள்ள போயிருச்சு.

சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டுச்சாம்.

அவுக பதறித் திரும்புனா கீழ என் செருப்பு. சுவர்ல என் துண்டு. ஆளைக் காணோம்.

அவுக போட்ட கூப்பாடுல தெருவே கூடிருச்சு.

இதெல்லாம் எனக்குப் பின்னால சொல்லித் தெரிஞ்சது. நான் தெர்மாமீட்டரை யாரும் பாக்காம அலமாரில வச்சுட்டு, வெறுங்காலோட நடந்து திரும்பி வந்தா எங்க தெருவுல ஒரே தலையா இருக்கு. வளவுக்குள்ள நுழைய முடியல. எனக்கு முன்னால நின்ன ஒருத்தர்கிட்ட, என்னண்ணே இம்புட்டுக் கூட்டம்னு கேட்டேன்.

அவரு திரும்பாமலே, "சயன்ஸ் வாத்தியார் ஒருத்தர் கெணத்துல விழுந்துட்டாராம்ண்ணே. செருப்பும் துண்டும் மேலயே கெடக்குது"ன்னாரு.

எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. எந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்னு கேட்டேன். அதெல்லாம் தெரியாது, இந்த வளவுலதான் குடியிருந்தாராம்னாரு.

இந்த வளவுல சயன்ஸ் வாத்தியார் நான் ஒருத்தன்தான். அது எனக்கு ஒறைக்கக் கொஞ்ச நேரமாச்சு.

உடனே கையைத் தூக்கி, நான் இங்க நிக்கிறேன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. ஏன்னா சரியா அந்த நேரம் பாத்து பக்கத்துல ஒருத்தர், ரொம்பத் தங்கமான மனுசன்னு ஆரம்பிச்சாரு. என்னைப் பத்தி யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுவோம்னு நின்னேன்.

பேராசை.

அடுத்த ஆளு, தங்கமெல்லாம் இருக்கட்டும், திங்கக்கெழமையே பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு வண்டி ஏறிருச்சுன்னாரு. இன்னொருத்தர், பரீட்சைல பாதிப் பேரை பெயிலாக்குன புண்ணியவான்னாரு. எதுத்த வீட்டு மாடில குடியிருக்கவரு வந்து, ரெண்டு நாளாவே எனக்குச் சந்தேகம், கெணத்தைக் கெணத்தை எட்டிப் பாப்பான், நோட்டுல எதையோ எழுதுவான், தனியாச் சிரிப்பான்னாரு.

அவரு சொன்னது அத்தனையும் உண்மை. அதான் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

நான் கூட்டத்தை வெலக்கி வெலக்கி முன்னால போனேன். வைகைல வெள்ளம் வந்தா ஆடு மாட்டைக் கரையேத்துற மூக்கன் இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு உள்ள எறங்கியிருந்தாரு. முங்கி எந்திரிச்சு மூச்சு வாங்கிக்கிட்டே கீழ இருந்து குரல் குடுத்தாரு.

"தலை தட்டுப்படுது. ஆனா முடியில்ல."

வீட்டுக்காரம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அழுதாக. "அவருக்கு ஏதுய்யா முடி"ன்னாக.

அதுக்கு மேல என்னால பொறுக்க முடியல. "அது பூசணிக்கா"ன்னு சொன்னேன்.

கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பாத்துச்சு. அடடா பொழைச்சுக்கிட்டாரேன்னு யாராவது ஓடி வந்து கட்டிப்புடிப்பாகன்னு எதிர்பாத்தேன். ஒருத்தரும் அசையல. முதல்ல என்கிட்டப் பேசுன அண்ணன், காலைல இருந்து கடையை மூடிப் போட்டுட்டு நிக்கிறேன்யான்னு முனகிக்கிட்டே வெளிய போனாரு. வீட்டுக்காரம்மா கண்ணைத் தொடைச்சாக. என்னை மேலயும் கீழயும் பாத்தாக.

"என் வெத்தலை எங்க?"ன்னு கேட்டாக.

காதர் பாய் ஒருத்தர்தான் என் கையைப் புடிச்சுக்கிட்டுக் கண் கலங்குனாரு. அடுத்த நொடியே அவரு மூஞ்சி வெளுத்துருச்சு.

"சார், ஒரு தப்புப் பண்ணிட்டேன். மேக்க போற பஸ் கண்டக்டர்கிட்ட ஊருக்குத் தாக்கல் சொல்லி விட்டுட்டேன்."

என்ன தாக்கல்னு கேட்டேன். நீங்க தவறிட்டீங்கன்னுதான்னாரு.

அதுவரைக்கும் எனக்கு எல்லாம் வேடிக்கையாத்தான் இருந்துச்சு. அப்பத்தான் ஊருல இருக்கவ நெனப்பு வந்துச்சு. ராக்கம்மா அதைக் கேட்டா என்ன ஆவா? கையில ரெண்டு வயசுப் பிள்ளை வேற.

கெடைச்ச குதிரைவண்டில ஏறி, மேக்க போற பஸ் நிக்கிற காளவாசலுக்கு விரட்டச் சொன்னேன். ஊருக்குப் போற அடுத்த பஸ்ஸைப் புடிச்சு முன்னால போயிரணும்னு எண்ணம். ஆனா அது ரெண்டாவது உலகச் சண்டை நடந்த சமயம். பெட்ரோல் கெடைக்காம பஸ்ஸெல்லாம் கரியைப் போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தாக. பஸ் எப்ப வரும்னு டிரைவருக்கே தெரியாது. காளவாசல்ல வெயில்ல நின்னேன். தார் ரோட்டுல வெறுங்கால் பொத்துப்போச்சு. ஒரு காலை மாத்தி ஒரு காலைத் தூக்கிக்கிட்டு ஒரு மணி நேரம் நின்னேன். அம்புட்டு நேரமும் ராக்கம்மா அழுகுறது காதுல கேட்ட மாதிரியே இருந்துச்சு. என்ன சயன்ஸ் படிச்சு என்ன பிரயோசனம்னு முதல் தடவையா நெனைச்சேன்.

மேக்க போற பஸ் வரல. மேக்க இருந்து ஒரு பஸ் பொகையைக் கக்கிக்கிட்டு வந்துச்சு. உள்ள இருந்து ஒப்பாரிச் சத்தம்.

நான் நடு ரோட்டுல போய்க் கையை விரிச்சு நின்னுட்டேன். பஸ் நின்னுச்சு. ஒச்சப்பன் மச்சான் முன் சீட்டுல இருந்து குதிச்சு எறங்கி வந்தாரு. என் கிட்டக்க வந்து நின்னு, என் கையில நறுக்குன்னு ஒரு கிள்ளு கிள்ளுனாரு. நான் ஆன்னு கத்துனேன். அவரு பஸ்ஸைப் பாத்து, ஆளு இருக்காருன்னு கையை ஆட்டுனாரு.

ராக்கம்மா பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு எறங்குனா. தலை கலைஞ்சு, மூஞ்சி வீங்கிக் கெடந்துச்சு. என்னைப் பாத்ததும் அப்படியே ரோட்டோரம் உக்காந்துட்டா. அப்புறம் என் காலைப் பாத்தா.

"செருப்பு எங்கங்க?"

கெணத்தடிலன்னேன். மக என் கையைப் புடிச்சுக்கிட்டுத் தத்தக்கா பித்தக்கான்னு என்னமோ பேசுனா.

மொத்தம் இருபத்தாறு பேரு வந்திருந்தாக. எல்லாரும் எனக்காக அழுது தொண்டை கட்டிப் போனவுக. அத்தனை பேரையும் கூட்டிக்கிட்டு வளவுக்கு வந்து சேந்தேன். வழியில வெவரத்தைச் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல. அதைக்கூடத் தாங்கியிருக்கலாம்.

வளவுல மூக்கன் எல்லாத்தையும் எடுத்துக் கெணத்து மேடைல குவிச்சிருந்தாரு. கத்திரிக்கா, வெண்டைக்கா, புடலை எல்லாம் தண்ணியில ஊறி, ஒண்ணு மேல ஒண்ணு அடிபட்டுக் கெடந்துச்சு. நடுவுல மல்லியப்பூ. ராக்கம்மா குனிஞ்சு ஒரு வெண்டைக்காயை எடுத்து ஒடிச்சுப் பாத்தா. இனி இது நாளைக்குத் தாங்காதுன்னா.

எனக்கு மச்சான் மூஞ்சியைப் பாக்கவே பயமா இருந்துச்சு. தாய்மாமன் சீரைக் கீழ சிந்துனாலே ஆயுசுக்கும் பேச்சுவார்த்தை நின்னுபோகும். நான் கெணத்துலயே போட்டிருக்கேன்.

வீட்டுக்காரம்மா கெணத்தைப் பூரா எறைச்சுச் சுத்தம் பண்ணுற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி எடுக்கக் கூடாதுன்னு தீர்ப்புச் சொன்னாக. நான் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வாளியைத் தூக்குனேன். நாலாவது வாளில இடுப்புப் புடிச்சுக்கிச்சு.

மச்சான் வாளியை என் கையில இருந்து வாங்குனாரு. வந்தவுகள்ல பத்து ஆம்பளைங்க வேட்டியை வரிஞ்சு கட்டுனாக. என்னைத் தூக்கிக்கிட்டுப் போகலாம்னு வந்தவுக அரை நாள் என் கெணத்தை எறைச்சாக. பொம்பளைங்க ராக்கம்மாவோட உக்காந்து காயை நறுக்குனாக. தெருக்குழாயில இருந்து குடங்குடமாத் தண்ணி வந்துச்சு. அடுப்பு மூணாச்சு, நாலாச்சு.

வேலை முடிஞ்சு தலையைத் தொவட்டிக்கிட்டு வந்த மச்சான், சுத்தி நின்ன கூட்டத்தைப் பாத்தாரு. கொதிக்கிற சோத்தைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு.

"மாப்ள, தாய்மாமன் இங்க இருக்கேன். எங்க பங்காளிக இருக்காக. காயும் வெந்துருச்சு. எதுக்கு ஞாயித்துக்கெழமை வரைக்கும்? காது குத்த ஆசாரியைக் கூப்பிடுங்க."

வீட்டுக்காரம்மா தயங்குனாக. எழவுன்னு அழுதுக்கிட்டு வந்த கூட்டம், அன்னைக்கே நல்ல காரியம் பண்ணலாமான்னாக. செத்தவரே பந்திக்கு எலை போட்டுக்கிட்டு இருக்காரு, இதுல என்ன தீட்டுன்னு மச்சான் கேட்டாரு. வீட்டுக்காரம்மா குளிச்சுட்டு முதல் பந்தில வந்து உக்காந்தாக.

அப்படித்தான் என் மகளுக்குக் காது குத்துச்சு. கொஞ்ச நேரம் வீல்னு அழுதா. வந்திருந்த கூட்டம் காலைல அழுததுக்கு அது ஒண்ணுமே இல்ல. என் பொணத்து மேல போத்த மச்சான் வாங்கிட்டு வந்திருந்த கோடி வேட்டியை மூக்கனுக்குக் குடுத்தாரு. காதர் பாய் தன் மாம்பழத்தைத் தானே அறுத்து எலைக்கு ரெண்டு துண்டு வச்சாரு. வளவு, தெரு, காலைல வேடிக்கை பாத்தவுக எல்லாரும் சாப்பிட்டாக. ஒரு கத்திரிக்காக்கூட வீணாப் போகல.

ராக்கம்மா கடைசிப் பந்தில என் பக்கத்துல உக்காந்தா. அன்னைக்குப் பூரா அவ என்னைத் திட்டல. நான் காத்துக்கிட்டே இருந்தேன், திட்டவே இல்ல. என் எலையில புடலங்காக் கூட்டை ரெண்டு தடவை வச்சா.

திட்டு ஞாயித்துக்கெழமை வந்துச்சு. அவகிட்ட இருந்து இல்ல. டி. கல்லுப்பட்டில இருக்க என் சொந்த அண்ணன், அழைப்பு வந்தபடியே அண்ணி, பிள்ளைகுட்டி பதினாலு பேரோட வந்து எறங்குனாரு. நடந்த கலவரத்துல அவருக்குத் தாக்கல் சொல்ல எனக்குத் தோணவே இல்ல. நான் செத்ததும் அவருக்குத் தெரியாது, பொழைச்சதும் தெரியாது, பிள்ளைக்குக் காது குத்துனதும் தெரியாது. ரசமும் அப்பளமும் சாப்பிட்டுட்டு, தெருவே கேக்கத் திட்டிட்டு சாயங்காலப் பஸ்ஸைப் புடிச்சுட்டாரு. என்கிட்டப் பேச அவருக்கு ஒரு வருசமாச்சு.

காயைக் கெடாம வைக்கிறதுக்கு நான் கண்ட ஒரே வழி, அன்னைக்கே ஆக்கி நாலு பேருக்குப் போட்டுர்றது. அதுக்காகச் சாகணும்னு அவசியமில்ல.